நாற்காலியைக் கவிழ்த்த பிறகுதான் தெரிந்தது

என் மாமியாருக்கு முழங்கால் வலி, தரையில் உட்கார முடியாது. பூஜை அறையில் உட்கார மெத்தை வைத்த நாற்காலி தேடினோம். மாட்டுத்தோல் மட்டும் இருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்.

ஆன்லைனில் ஒன்றைப் பார்த்தோம். 'பி.யூ. கோட்டட் ஸ்பிளிட் லெதர்' என்று போட்டிருந்தது. லெதர் என்றதும் நான் தயங்கினேன். என் கணவர் கும்மிடிப்பூண்டியில், துணிக்கு பி.யூ. பூச்சு போட்டு செயற்கைத் தோல் தயாரிக்கும் கம்பெனியில் வேலை செய்கிறார். "பி.யூ.ன்னா நாங்க தினம் ஓட்டுற சரக்குதான். வெறும் பிளாஸ்டிக்கு. பேருக்கு லெதர்னு போடுவாங்க" என்றார். ஆர்டர் செய்துவிட்டேன்.

நாற்காலி வந்ததும் கால் மாட்டுவதற்காக என் கணவர் அதைக் கவிழ்த்தார். அடியில் மடித்து அடித்திருந்த ஓரத்தைத் தடவியவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் கம்பெனி சரக்கில் பின்பக்கம் துணி இருக்கும். இதில் துணியே இல்லை, நார் நாராக இருந்தது.

"இன்னா நைனா, கவுத்து வச்சிக்கினு பாத்துக்கினு கீற? வெளக்கேத்தணும், நான் உக்காரட்டுமா?" என்றார் மாமியார்.

"இரும்மா, ஒரு ஸ்க்ரூ கொறையுது" என்று சமாளித்தார்.

விவரத்தை மறுபடி தேடிப் படித்தோம். ஸ்பிளிட் என்றால் மாட்டுத்தோலைக் கிடையாகப் பிளந்து எடுத்த அடிப்பாகமாம். அதன் மேல்தான் பி.யூ. பூச்சு. விற்றவர்கள் எதையும் மறைக்கவில்லை. நாங்கள்தான் தெரிந்த சொல்லோடு நிறுத்திக்கொண்டோம். அன்றைக்கே திருப்பி அனுப்பினோம்.

இப்போது எதை வாங்கினாலும் பூச்சுக்கு அடியில் இருப்பது துணியா, தோலா என்று கேட்டு, பின்பக்கப் படத்தையும் அனுப்பச் சொல்கிறேன். மாமியாருக்கு இன்றுவரை அது ஸ்க்ரூ குறைந்த நாற்காலிதான்.

- ஒரு வாசகி, கும்மிடிப்பூண்டி