தாடிக்காரர்கள் ஓய்ந்த மலை

சுல்மீரா கடற்கரைக்காரி, மீன் விற்பவரின் மகள். பத்தொன்பது வயதில் ஓர்லிந்தோவைக் கட்டிக்கொண்டு எஸ்பிரித்து சாந்து மாநிலத்தின் காப்பி மலைக்கு வந்தாள். வந்த மறுநாள் விடியலில் வீட்டுக்குப் பின்னாலிருந்த காடு உறுமத் தொடங்கியது. குகைக்குள் புயல் புகுந்த மாதிரி ஒரு சத்தம். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி எழுந்தது. அவள் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டாள்.

"வெளிய வா புள்ள. தாடிக்காரன்தான்," என்றான் ஓர்லிந்தோ.

"எந்தத் தாடிக்காரன் இப்படிப் பேயாட்டம் கத்துறான்?"

அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினான். உச்சிக் கிளையில் செம்பட்டை மயிரும் தாடியுமாக ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது. தெருநாய் அளவுகூட இல்லை. இலையை மென்றுகொண்டிருந்தது.

"பக்கத்துக் கூட்டத்துக்கிட்ட, நாங்க இங்க இருக்கோம், வராதீங்கன்னு சொல்லுது. அடிதடி வேணாம்னுதான் இந்தக் கூப்பாடு."

"அத மெதுவாச் சொன்னா ஆகாதா?"

புத்திக்குப் புரிந்தது, உடம்புக்குப் புரியவில்லை. மூன்று வருடம் ஒவ்வொரு விடியலிலும் சுல்மீராவின் கைமயிர் சிலிர்த்துக்கொண்டுதான் இருந்தது. எப்போது நின்றதென்று அவளுக்கே தெரியாது. இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. அந்தக் காலைகளில்கூட முதல் உறுமலுக்கு எழுந்து காப்பிக்குத் தண்ணீர் வைத்தாள். விருந்தாளிகள் வெலவெலத்துப்போனால், "பல்லு தேய்க்குது, வேற ஒண்ணுமில்ல" என்பாள்.

இரண்டாயிரத்துப் பதினேழு சனவரியில் சத்தம் மெலிந்தது. முன்பு மூன்று திசையிலிருந்து கேட்டது ஒரு திசைக்குச் சுருங்கியது. ஒருநாள் காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒரு பெண்குரங்கு செத்துக் கிடந்ததை ஓர்லிந்தோ பார்த்தான். உடம்பில் காயம் எதுவுமில்லை.

சுல்மீரா ஒன்பது கிலோமீட்டர் நடந்து சுகாதார நிலையத்துக்குப் போனாள். நர்ஸ் ரோசிமெரி பேனாவைக் கீழே வைத்தாள்.

"மஞ்சள் காய்ச்சலா இருக்கும், டோனா சுல்மீரா. கொசுவால வருது. குரங்குதான் முதல்ல சாகும், அப்புறம் நாம. புதைக்காதீங்க, பரிசோதிக்க ஆள் அனுப்பச் சொல்றேன்."

"எங்களுக்கு ஊசி?"

"டவுனுக்கு மட்டுந்தான் வந்திருக்கு. உங்க பேர எழுதிக்கிறேன்."

"பேரப் படிச்சுப் பாத்துட்டுக் கொசு கடிக்காமப் போயிருமா?"

ரோசிமெரி பேனாவை எடுத்துப் பேரை எழுதிக்கொண்டாள்.

ஆள் வரவில்லை. மூன்றாம் நாள் நாற்றம் தாங்காமல் ஓர்லிந்தோவே குரங்கைப் புதைத்தான். அதே வாரம் பக்கத்துத் தோட்டத்து வல்தெசீர், நடக்கமுடியாமல் தரைக்கு இறங்கிவந்த ஒரு கிழட்டுத் தாடிக்காரனைக் கட்டையால் அடித்தான். சத்தம் கேட்டுச் சுல்மீரா ஓடினாள்.

"அது உனக்கு என்னடா பண்ணுச்சு?"

"நோயே இதுங்ககிட்டருந்துதான் வருதுக்கா. ரேடியோவுல சொல்றாங்க."

"உன்ன எந்தக் கொசு கடிக்குதோ அதுதான்டா இதையும் கடிச்சுது. நாளைக்கு நீ விழுந்தா உன்னையும் கட்டையால அடிக்கவா?"

வல்தெசீர் தலையைக் குனிந்துகொண்டான். கட்டையை மட்டும் விடவில்லை.

அடுத்த திங்கட்கிழமை விடிந்தபோது காட்டில் உறுமல் ஒன்றுமில்லை. சுல்மீரா வெகுநேரம் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்த மறுநாள்கூட அவள் அப்படிப் பயந்ததில்லை.

"இன்னிக்குத் தோட்டத்துக்குப் போகாத," என்றாள்.

"களை வளரறது நின்னுருமா?" என்று சொல்லிவிட்டு ஓர்லிந்தோ மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனான்.

பத்து நாள் கழித்து அவனுக்குக் காய்ச்சல் கண்டது. நாலாம் நாள் இறங்கியது. சோளக்களியும் தொத்திறைச்சியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். சுல்மீரா மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். மறுநாள் அவன் கண் மஞ்சளாகிவிட்டது. வாந்தி காப்பிக் கசடு போலக் கறுப்பாக வந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் ஆறு நாள் வைத்திருந்தார்கள். ஏழாம் நாள் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள்.

அடக்கம் முடிந்து பதினோராம் நாள் ஊசி வந்தது. மாதா கோயில் முற்றத்தில் வரிசை நின்றது. வல்தெசீர் அவளுக்குப் பின்னால் நின்றான்.

"அக்கா, நான்..."

"சட்டைக் கையை மடிச்சுக்க. சீக்கிரம் ஆகட்டும்," என்றாள் திரும்பிப் பார்க்காமல்.

இரண்டு வருடம் கழித்துப் பல்கலைக்கழகத்திலிருந்து லுசினேயா என்ற பெண் ஒரு ஒலிபெருக்கியோடு வந்தாள். பதிவுசெய்த உறுமலைப் போட்டால், காட்டில் மிச்சம் ஏதாவது இருந்தால் பதில் கொடுக்குமாம். காப்பி காயவைக்கும் களத்தில் வைத்து மூன்று நாள் விடியலிலும் போட்டாள். சுல்மீரா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"இது எங்க பக்கத்துக் குரலில்ல," என்றாள் முதல் நாள். "எங்க ஊருது கடைசியில ஒரு இருமலோட நிக்கும்."

மூன்றாம் நாளும் பதில் இல்லை. லுசினேயா வயரைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"இன்னொருக்காப் போடு."

போட்டாள். எதிர்மலையில் மோதிய சத்தம் கொஞ்சநேரம் திரும்பி வந்தது. பிறகு ஈக்களின் இரைச்சல்தான் கேட்டது. லுசினேயா தாளில் பூஜ்யம் எழுதினாள்.

"அடுத்த வருசம் வருவியா?"

"இங்க அனுப்பமாட்டாங்க, டோனா சுல்மீரா. குரங்கு இருக்கிற இடத்துக்குத்தான் அனுப்புவாங்க."

சுல்மீரா தலையாட்டினாள். அவளை வழியனுப்பிவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு களை வெட்டப் போனாள்.