வலது பக்கம் விட்ட இடம்

காலையில் நான் கடை ஷட்டரைத் தூக்குகிற நேரத்தில் ரோட்டில் இரண்டு பேர் ஓடிப் போவார்கள். ஒருவர் பேசிக்கொண்டே ஓடுவார், இன்னொருவர் கேட்டுக்கொண்டே ஓடுவார். எனக்குப் பஞ்சர் கடை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே பிழைக்கிற தொழில் என்பதால் அதில் போகிற வருகிற ஆட்களை ஓரளவு தெரியும். இந்த இரண்டு பேரைக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

கேட்டுக்கொண்டு ஓடுகிறவருக்கு எங்கள் பக்கத்தில் ஐஸ் அண்ணன் என்று பேர். யாருக்கும் ஒரு நாளும் ஐஸ் வைக்கத் தெரியாத மனுஷனுக்கு அந்தப் பேர் வாய்த்தது பாருங்கள். கோல்டு ஸ்டோரேஜில் ராத்திரி ஷிப்ட். ஆப்பிளும் உருளைக்கிழங்கும் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும், அதை உள்ளே அடுக்கவேண்டும், கேட்கும்போது வெளியே எடுத்துத் தரவேண்டும். உள்ளே போனால் கம்பளித் தொப்பி, கையுறை, வாயை மூடி ஒரு துணி. குளிர்காற்றை ஊதுகிற ஃபேன் சத்தத்தில் கத்தினால்தான் கேட்கும், துணி கட்டின வாயால் கத்தவும் முடியாது. அதனால் அங்கே எல்லாமே கைஜாடைதான். அந்த ஃபேனுக்குப் பக்கத்திலேயே வருஷக்கணக்கில் நின்றதில் இடது காது பாதி போய்விட்டது.

அவர் ஓட ஆரம்பித்தது உடம்பைக் குறைக்க அல்ல. குறைக்க உடம்பு இருந்தால்தானே. ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது கால்விரல் பத்தும் கட்டை மாதிரி ஆகியிருக்குமாம். பஸ்ஸில் உட்கார்ந்தால் வீடு வந்து சேரும்வரை சூடு ஏறாது. ஒரு நாள் பஸ்ஸை விட்டுவிட்டு வீடுவரை ஓடிப் பார்த்தார். உள்ளங்கால் சுட்டது. அன்றோடு பஸ்ஸுக்கும் அவருக்கும் உறவு முடிந்தது.

பேசிக்கொண்டு ஓடுகிறவர் டவுன் பஸ் டிரைவர். அவருக்குக் குறைக்க ஒரு தொப்பை இருந்தது. என் கடைக்கு முன்னால் இருக்கிற சிக்னலில் ஒரு நாள் இரண்டு பேரும் நின்றிருக்கிறார்கள், விளக்கு மாறியதும் சேர்ந்து கிளம்பியிருக்கிறார்கள். அப்படித்தான் பழக்கம். பாலம்வரை போய்த் திரும்பி, ஐஸ் அண்ணன் தெருமுனையில் பிரிவார்கள். டிரைவர் வலது பக்கம், நல்ல தாரில். ஐஸ் அண்ணன் இடது ஓரம், சரளை கிடக்கிற இடத்தில். நல்ல காது வலது காது என்பதால் அந்த ஏற்பாடு. டிரைவருக்கு இது தெரியாது. மனுஷன் மரியாதை தெரிந்தவர், நமக்கு நல்ல ரோட்டை விடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

டிரைவர் சொல்வதெல்லாம் பஸ் சமாச்சாரம். சண்டை போட்டுக்கொண்டே ஏறி, சமாதானமாகி இறங்கின புருஷன் பெண்டாட்டி. முன் சீட்டில் உட்கார்ந்து பிரேக் எங்கே போடவேண்டும் என்று பாடம் எடுக்கிற ரிட்டயர்டு ஆசாமி. ஐஸ் அண்ணன் பதில் பேசமாட்டார். சில நாள் என் கடையைத் தாண்டும்போது தோள் குலுங்கும், சிரிக்கிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

அவர் வீட்டுக்கு ஒரு தடவை போயிருக்கிறேன். ஒரே அறை. பகலில் தூங்கவேண்டும் என்று ஜன்னலை ஆப்பிள் பெட்டி அட்டையால் மறைத்திருந்தார். வெளிச்சம் வரவேண்டிய இடத்தில் வரிசையாகச் சிவப்பு ஆப்பிள் படம். மகள் பிரசவத்துக்குத் துணையாகப் போன அண்ணி, பேரன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் திரும்பவில்லை. சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. மகள் வேலைக்குப் போகிறாள், பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும், இவரோ பகலில் தூங்குகிறவர். போனில் சாப்பிட்டீங்களா என்று கேட்பார், இவர் சாப்பிட்டேன் என்பார், இரண்டு பக்கமும் வேலை முடிந்துவிடும். ஆக அவர் காதில் ஒரு நாளைக்கு விழுகிற மனுஷப் பேச்சு என்றால் அது டிரைவர் பேச்சுதான்.

அந்த டிரைவருக்கு முட்டி போனது. தார் ரோட்டில் இனி ஓடக்கூடாது, மண் தரையென்றால் பரவாயில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மலைக் காட்டுக்குள் போய் ஓடுகிற ஒரு கூட்டம் இருந்தது, எல்லாம் இளவட்டம். பல் டாக்டர் ஒரு பெண்தான் அதற்குத் தலைவி. டிரைவர் அதில் சேர்ந்துகொண்டார். கடையோடு நான் ஓட்டுகிற வாடகை வேன்தான் அவர்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்கும். அதனால் எனக்கு எல்லாம் தெரியும்.

டிரைவர் வராமல் போன பிறகும் ஐஸ் அண்ணன் இடது ஓரத்திலேயே ஓடினார். வலது பக்கம் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் காலியாக இருக்கும். ஒரு நாள் பைக்கில் வந்தவன் ஒருத்தன் அந்தச் சந்தில் புகுந்து, இவர் முழங்கையை உரசிவிட்டுப் போனான். மறுநாள் கட்டோடு வந்தார். அதே ஓரம், அதே சந்து.

கொஞ்ச நாள் கழித்துக் கடைக்கு வந்தார். ஓட்டத்தை நிறுத்திவிட்டு என் கடையில் அவர் நின்றது அதுதான் முதல் தடவை. வேனில் ஒரு சீட் இருக்குமா என்று கேட்டார்.

"அண்ணே, அது மலை. கல்லும் வேருமா கிடக்கும். உங்களுக்கு எதுக்கு இந்த வயசுல?"

"டிரைவர் இனிமே ரோட்டுக்கு வரமாட்டான் தம்பி. நான்தான் போகணும்."

பல் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் ஒரு விதி வைத்திருந்தார். புதிதாக வருகிறவர் மலைப் பாதையை ஒரு தடவை முழுசாகச் சுற்றி வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்வார். முடியவில்லை என்றால் புதன்கிழமை அடிவாரத்தில் நடக்கிற கூட்டத்துக்குப் போகவேண்டும். புதன்கிழமைக் கூட்டத்தில் டிரைவர் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காட்டு முனையில் வேனை நிறுத்தினேன். இறங்கினதும் என் கண் எல்லாருடைய காலுக்கும்தான் போனது, தொழில் புத்தி. டிரைவர் ஷூவுக்கு அடியில் டிராக்டர் டயர் மாதிரி பட்டன் பட்டனாக இருந்தது. ஐஸ் அண்ணன் ஷூவைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். ரோட்டில் தேய்ந்து வழுவழு என்று இருந்தது. மொட்டை டயரோடு மலை ஏறப் போகிறீர்களா என்று கேட்டேன். வண்டியில் லோடு இல்லை, தாங்கும் என்றார். அவர் சொல்லி நான் கேட்ட முதல் ஜோக் அது. அவ்வளவு சந்தோஷத்தில் இருந்தார். டிரைவர், "அண்ணன் என்கூட வரட்டும் டாக்டர், நான் பார்த்துக்கறேன்" என்று சொன்னதுதான் காரணம்.

உள்ளே நடந்ததை நான் பார்க்கவில்லை. இரண்டு பேரும் தனித்தனியாகச் சொன்னதை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

இளவட்டங்கள் நாலு எட்டில் மறைந்துவிட்டார்கள். பாதை ஓர் ஆள் அகலம்தான். டிரைவர் முன்னால், ஐஸ் அண்ணன் பின்னால். வழி தெரிய மரத்தில் கட்டியிருந்த ரிப்பனைப் பார்த்துப் பார்த்துப் போகவேண்டும். ரோட்டில் ஓடுகிறவன் தூரத்தைப் பார்த்து ஓடுவான், கால் தன்பாட்டுக்குப் போகும். இங்கே அடுத்த அடியைத் தவிர வேறு எதையும் பார்க்கக்கூடாது. வேர், கல், ஈர இலை, மறுபடி வேர். ஐஸ் அண்ணனின் மொட்டை டயர் பத்தடிக்கு ஒரு தடவை வழுக்கியது. ஏற்றத்தில் மூச்சு வாங்கியது, முட்டியில் கையை ஊன்றி ஏறினார். ஆனால் அதெல்லாம் அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. டிரைவர் எப்போது ஆரம்பிப்பார் என்று காத்துக்கொண்டே ஏறினார். டிரைவர் வாயே திறக்கவில்லை. முதுகு மட்டும் தெரிந்தது, வியர்வையில் சட்டை ஒட்டின முதுகு.

உச்சிக்குப் போகும் முன்னால் ஓர் இடத்தில் டிரைவர் ஷூ லேஸ் கட்ட உட்கார்ந்தார். ஐஸ் அண்ணன் அவரைத் தாண்டிப் போய்விட்டார். பின்னால் காலடிச் சத்தம் நெருங்கியது. அந்த இடத்தில் பாதை கொஞ்சம் அகலமாக இருப்பது போலத் தெரிந்தது. காலடி பக்கத்தில் கேட்டதும், இத்தனை வருஷப் பழக்கம், இவர் தன்னை அறியாமல் இடது ஓரத்துக்கு ஒதுங்கினார். ஓரம் என்று நினைத்தது வெறும் இலைக் குவியல். அடியில் தரை இல்லை. ஒரு கால் உள்ளே போய்ச் சரிந்து, ஒரு புதரில் மாட்டி நின்றார். டிரைவர் கையைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டார்.

கணுக்கால் வீங்க ஆரம்பித்தது. டிரைவர் கழுத்தில் கிடந்த துண்டை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார்.

"பாதைய விட்டுட்டு ஓரத்துக்கு ஏண்ணே போனீங்க?"

"நீ பக்கத்துல வருவேன்னு இடம் விட்டேன்."

டிரைவர் கட்டை இன்னொரு தடவை அவிழ்த்துக் கட்டினார். "இங்க பக்கத்துல வர முடியாதுண்ணே" என்றார்.

ஐஸ் அண்ணன் பாறையில் உட்கார்ந்தபடி கேட்டார். "ஏன் ஒண்ணுமே பேச மாட்டேங்குற? என்மேல ஏதாவது கோபமா?"

"உங்கமேல எனக்கு என்ன கோபம்? இங்க பேச வேண்டியதில்ல, அதுதான் எனக்கு இந்தக் காட்டுல பிடிச்சதே. நாள் பூரா ஹாரனும் விசிலும் கேட்டு மண்டை காய்ஞ்சு கிடக்கு. ரோட்டுல நீங்க வாயத் திறக்கவே மாட்டீங்க. ஒரு மனுஷன் பக்கத்துல ஓடிட்டு வரப்போ சும்மா வந்தா நல்லாவா இருக்கும்? அதான் நான் எதையாவது பேசிட்டே வந்தேன். சில நாள் விஷயமே இருக்காது. இட்டுக்கட்டிச் சொல்லியிருக்கேன்."

ஐஸ் அண்ணன் வீக்கத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"அந்த பிரேக் பாடம் எடுக்குற ஆளு?"

"அவரு நிஜம். இப்பவும் ஏறி உயிர வாங்குறாரு."

"சண்டை போட்டுட்டு ஏறுன புருஷன் பொண்டாட்டி?"

"ஏறினாங்க. சமாதானமானது மட்டும் நான் சேர்த்தது."

இதை என்னிடம் சொல்லும்போது ஐஸ் அண்ணன் சிரிக்கத்தான் செய்தார். ஆனால் அந்தப் பாறையில் உட்கார்ந்திருந்தபோது குளிர் ரூமுக்குள் இருக்கும்போது கதவை வெளியிலிருந்து சாத்தின மாதிரி இருந்ததாம். நாம் குடித்த தண்ணீர் எல்லாம் ஒருத்தன் தலைச்சுமையாகச் சுமந்து கொண்டுவந்தது என்று தெரிந்தால் எப்படி இருக்கும், அப்படி.

வந்த தூரத்தைவிட மிச்ச தூரம் குறைவு, திரும்பிப் போவதில் பிரயோஜனம் இல்லை. டிரைவர் ஒரு கம்பை ஒடித்துக் கொடுத்தார். எழுந்ததும் ஐஸ் அண்ணன், "நீ முன்னால போ. இன்னைக்கு நான் பேசுறேன்" என்றார்.

பேசினார். ஆப்பிளையும் உருளைக்கிழங்கையும் ஒரே ரூமில் வைத்தால் உருளைக்கிழங்கு முளைவிட்டுவிடும் என்று சொன்னார். ஒரு பெட்டியில் ஒரு பழம் அழுகினால் எந்த வரிசை என்று மூக்கே சொல்லிவிடும் என்றார். பேரன் தன்னைப் போன் தாத்தா என்று கூப்பிடுவதைச் சொன்னார். ஜன்னல் அட்டையில் ஒரு ஆப்பிள் படம் மட்டும் வெயிலில் வெளுத்துப்போனதைச் சொன்னார். கம்பை ஊன்றி ஊன்றி, கல்லைப் பார்த்துக்கொண்டே, முன்னால் போகிற முதுகிடம் சொல்லிக்கொண்டு இறங்கினார். ஓடைக்கு வந்ததும் நின்றுவிட்டது.

"அவ்வளவுதான்."

"என்னண்ணே?"

"என்கிட்ட இருந்தது அவ்வளவுதான்."

டிரைவர் திரும்பிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். இவரும் சிரித்தார். அப்புறம் பேச்சு இல்லை. டிரைவர் பிற்பாடு என்னிடம் சொன்னது, முன்னால் போனதில் பாதி காதில் விழவில்லையாம், உருளைக்கிழங்கு மட்டும்தான் சரியாகக் கேட்டதாம். அதை அவர் அண்ணனிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

வெளியே வந்தபோது மற்றவர்கள் எல்லாம் முகம் கழுவி உடை மாற்றி வேனில் உட்கார்ந்துவிட்டார்கள். டாக்டரம்மா கணுக்காலை அமுக்கிப் பார்த்துவிட்டு எலும்பு தப்பித்தது என்றார். "சுத்தி முடிச்சிட்டீங்க அங்கிள். விதின்னா விதிதான். கால் சரியானதும் ஞாயித்துக்கிழமை வாங்க" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். ஐஸ் அண்ணன், "பார்க்கலாம்மா" என்றார்.

வேனை நான் ஓட்ட, ஐஸ் அண்ணன் பின் சீட்டில் டிரைவருக்கு இடது பக்கமாக இடம் பார்த்து உட்கார்ந்தார், வலது காது அவர் பக்கம் இருக்கும்படி. இரண்டாவது வளைவு தாண்டும் முன்னால் டிரைவர் தூங்கிவிட்டார். இவர் தோளைக் கொஞ்சம் கொடுத்துவிட்டு, வீடு வரும்வரை அசையாமல் இருந்தார்.

கால் சீக்கிரமே சரியாகிவிட்டது. ரோட்டில் ஓட ஆரம்பித்துவிட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேனுக்கு வரவில்லை. டிரைவர் என்னிடம் விசாரித்தபோது இன்னும் வலி இருக்காம் என்று சொல்லி வைத்தேன். அப்படிச் சொல்லச் சொன்னது ஐஸ் அண்ணன்தான். டாக்டரம்மா சேர்த்துக்கொள்கிறேன் என்றுதானே சொன்னார், போனால் என்ன என்று அண்ணனிடம் கேட்டேன்.

"அவனுக்கு அங்கதான் சும்மா இருக்க முடியுது தம்பி. நான் போய் பின்னால நின்னா மறுபடியும் எதையாவது பேசணும்னு அவனுக்குத் தோணும்" என்றார்.

இப்போது தினமும் கடை முன்னால் நிற்கிறார். முதலில் தண்ணீர் குடிக்க நின்றார். பிறகு கேட்க ஆரம்பித்தார்.

"நேத்து கடையில ஏதாவது நடந்துச்சா?"

பஞ்சர் கடையில் என்ன நடக்கும். இருந்தாலும் சொல்வேன். டயரில் இருந்து ஆணியை எடுத்துக் காட்டினதற்கு, அந்த ஆணியை ரோட்டில் போட்டதே நீதான் என்று ஒரு கார்க்காரர் சண்டைக்கு வந்ததைச் சொன்னேன். வலது காதைத் திருப்பிக்கொண்டு முழுசாகக் கேட்டார்.

"அப்புறம் அந்த ஆளு வந்து மன்னிப்பு கேட்டாரா?"

"எங்க வர்றது. போனவர் போனவர்தான்."

தண்ணீர் சொம்பைக் கீழே வைத்தார். "கேட்டாருன்னு வச்சுக்கலாம்" என்றார்.

சிக்னல் மாறியது. சரளை கிடக்கிற இடது ஓரத்தில் இறங்கி ஓடினார். வலது பக்கம் ஓர் ஆள் போகிற இடம் காலியாக இருந்தது. முகத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி எதையோ சொல்லிக்கொண்டே போனார்.