கிழக்கு ஒழுங்கைக்குப் போகாத வெற்றிலை

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். சண்டையில் மூன்று தரம் இடிந்த வீட்டை மூன்று தரமும் கட்டினேன். வாசிகசாலைக்கு மேல்மாடி போட்டது நான். பருத்தித்துறைக் கரையில் இந்த ஐஸ் பக்டரியை ஒருத்தன்ரை கையையும் பார்க்காமல் தூக்கி நிறுத்தினதும் நான்தான். கடற்றொழிலாளர் சங்க மலருக்கு இதையெல்லாம் எழுதித் தரும்படி செயலாளர் தம்பி கேட்டார். போகிற போக்கில், புது அரசியலமைப்பில் பாராளுமன்றத்துக்கு ஒரு மேல்சபை வேணுமோ, வீண் செலவோ என்றும் கேட்டுவிட்டார். அதோடு என் பேனை நின்றுபோயிற்று.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது எங்கள் கரையிலும் ஒரு மேல்சபை இருந்தது. அப்போது கொழும்புப் பாராளுமன்றத்தில் செனற்சபை என்ற மேல்சபை இருந்ததால் அப்பா பகிடியாக வைத்த பேர் அது. சங்கக் கூட்டத்தில் கை தூக்கி எடுத்த முடிவு கரையைப் பற்றியதென்றால், மறுநாள் ஒழுங்கைக்கு ஒருவராக நாலு பேர் இருந்து திரும்பப் பேசுவார்கள். எங்கள் ஒழுங்கையில் நாற்பது வீடு, கிழக்கு ஒழுங்கையில் ஏழே ஏழு. என்றாலும் ஒழுங்கைக்கு ஒரு கதிரைதான். நாலு பேரும் ஓம் என்றால்தான் முடிவு. வராதவர் சம்மதித்த மாதிரி.

அந்த ஏழு வீட்டாரும் வள்ளம் இழுத்து விடுகிற கரைத்துண்டில் ஐஸ் பக்டரி கட்டுவதென்று கூட்டம் கை தூக்கியது. சங்கத் தலைவரான அப்பா அன்று பின்னேரமே என்னிடம் வெற்றிலை பாக்கைத் தந்து, கிழக்கு ஒழுங்கைப் பெரியவருக்கு நாளைக்கு வரச் சொல்லிவிட்டு வா என்று அனுப்பினார். எங்கள் ஊரில் வெற்றிலை வைத்து நேரில் சொல்லாத இடத்துக்கு மானமுள்ளவன் படியேறமாட்டான்.

கடற்கரையில் மாமா பட்டம் ஏற்றிக்கொண்டு நின்றார். ஆளுயரப் பட்டம். மற்ற நாளில் கிட்டவே விடமாட்டார்.

"மருமோன், உதுக்கு ஆறுதலாப் போகலாம். இந்த நூலைக் கொஞ்சம் பிடி."

பிடித்தேன். பொழுது பட்டது. காற்சட்டைப் பையில் வெற்றிலை வதங்கிவிட்டது. கடலில் எறிந்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் மூன்று கதிரையில் ஆள், ஒன்று வெறுமை. அப்பா நெடுநேரம் ஒழுங்கையையே பார்த்திருந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"சொன்னனியே?"

"ஓம், சொன்னனான்."

பக்கத்தில் நின்ற மாமா சிரித்தார். "அவையளுக்குச் சம்மதம் போல கிடக்கு. எழுதுங்கோ அத்தான்."

அந்த நேரம் கிழக்கு ஒழுங்கைப் பெரியவர் வெள்ளை வேட்டியோடு, ஆராவது சொல்ல வருவார்களென்று தன் படலையடியில் காத்து நின்றாராம். அடுத்த மாரிக்கு முன்னம் ஏழு வீடும் முல்லைத்தீவுப் பக்கம் போயிற்று. போகிற அன்று அவர் அப்பாவிடம் சொன்னார்: "கரை போனது பரவாயில்லை. வேண்டாமெண்டு சொல்ல எங்களுக்கு இருந்தது ஒரு வாய். அதைக் கூப்பிடேல்லையே நீங்கள்."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு ஒரு செய்தியும் என்னிடம் சொல்லி அனுப்பவில்லை.

மாமா அன்றைக்கு மட்டும் ஏன் நூலைத் தந்தார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பக்டரி கட்டுகிற கொந்துராத்து, அந்த ஒப்பந்த வேலை, அவருக்குக் கிடைத்தபோதும் விளங்கவில்லை. பிறகு பக்டரி சங்கத்திடமிருந்து அவர் கைக்குப் போய், அவருக்குப் பிறகு எனக்கு வந்தது. ஒருத்தன்ரை கையையும் பார்க்காமல் என்று மேலே எழுதினேனே, ஏழு வீட்டாரின்ரை கரையில் இருந்துகொண்டுதான் எழுதினேன்.

தம்பி, மேல்சபை வேணும். ஏழு வீட்டுக்காரருக்கு வேண்டாமெண்டு சொல்ல வேறு இடமில்லை. ஆனால் கதிரை போட்டவர்களே ஆளை வராமல் பண்ணவும் முடியும். மலரில் பக்டரியின் படத்துக்குக் கீழே, முதலாளி என்று என் பேரைப் போடுங்கோ. அதற்கும் கீழே, வெற்றிலையைக் கடலில் எறிந்தவர் என்றும் போட வேணும். இதில் என்ரை பங்கை மாமாவுக்குக் குடுத்துவிட வேண்டாம்.