நேர்ச்சைப் பணம்

அன்று பெசன்ட் நகர் ஓட்டலில் எங்கள் மேசையில் இருந்தவர்கள் மூன்று பேர். நான், என் தங்கை, எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டுகிற தம்பி. நாலாவது நாற்காலியை வருகிறவருக்காக விட்டிருந்தோம். வேறு யாரும் உட்கார்ந்துவிடக் கூடாதே என்று அதில் என் கைப்பையை வைத்திருந்தேன்.

வரவேண்டியவர் துபாயில் வேலை பார்ப்பவர், தூத்துக்குடிக்காரர், மனைவியை இழந்தவர், எங்களைப் போலக் கத்தோலிக்கர். இதெல்லாம் அவரே சொன்னது. காசு கட்டாமல் சேர்ந்து பேசிப் பழகலாம் என்கிற ஒரு இணையதளத்தில் என் தங்கைக்கு அறிமுகமானவர். அவளுக்கு நாற்பத்தொரு வயது. மயிலாப்பூரில் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள். பெண் கேட்டு வருகிறவர்கள் நின்று பல வருஷமாகிறது. இவர் நேரில் பார்த்து, பிடித்துப்போனால் கல்யாணம். அதற்காகத்தான் காத்திருந்தோம்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள். பயப்படுவதில் மட்டும் பெரிய படிப்பு. கேஸை மூடினேனா என்று தி.நகர் போகிற பஸ்ஸிலிருந்து பாதி வழியில் இறங்கித் திரும்பியிருக்கிறேன். அவள் போனைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிய நாளிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. முழுப்பெயர் சொல்லாதே, பள்ளிக்கூடம் எது என்று சொல்லாதே, தெருப்பெயர் சொல்லாதே, போட்டோ அனுப்பாதே, கடன் கேட்டால் கொடுக்காதே. பார்ப்பதானால் பகலில், நாலு பேர் நடமாடுகிற இடத்தில், துணையோடு. அவர் கொண்டுவரும் வண்டியில் ஏறாதே. எல்லாவற்றுக்கும் சரி என்றாள், அப்படியே நடந்தும் கொண்டாள். வீடியோவில் முகத்தைக் காட்டச் சொல் என்றேன். கேட்டாளாம். கம்பெனி தங்குமிடத்தில் நெட் சரியில்லை என்றாராம். அதற்கு மேல் அவள் வற்புறுத்தவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

"இன்னாக்கா, மாப்ள பிளைட்ல வராரா, கட்டுமரத்துல வராரா?" என்றான் ஆட்டோ தம்பி.

"போடா, வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு," என்று அவள் சிரித்தாள். புதுப்புடவை. காபியைத் தொடவில்லை.

'வந்துட்டோம்' என்று அவள் அனுப்பியதற்கு ஒரே ஒரு டிக் விழுந்தது. அதன்பிறகு எதுவும் இல்லை. மாதா கோயில் மணி அடித்து ஓய்ந்தது. கடற்கரைக்குப் போகிறவர்கள் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். அவள் மறுபடி போனைப் பார்த்தபோது அவருடைய படம் இருந்த இடத்தில் சாம்பல் நிற வட்டம்தான் இருந்தது. தம்பி எட்டிப் பார்த்தான். இப்போது அவன் குரலில் கிண்டல் இல்லை.

"பிளாக் பண்ட்டான்க்கா."

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. வீடு தெரியாது, பள்ளிக்கூடம் தெரியாது, ஆள் பத்திரமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். "போவுது விடு. நம்மளுது ஒண்ணும் போகல இல்ல," என்றேன்.

"அக்கா, அம்மா செயின் வீட்ல இல்ல."

"எங்க இருக்குது?"

"அடகுல. நாப்பதாயிரம். அவங்கம்மாவுக்கு ஆபரேஷன்."

"முன்னபின்ன தெரியாதவனுக்குக் கடன் குடுக்காதன்னு எத்தினி வாட்டி சொன்னேன்!"

"கடன்னு கேட்டிருந்தா உன் ஞாபகம் வந்திருக்கும்க்கா. அவர் காசே கேக்கல. அம்மாவுக்காக மாதாகிட்ட ஒரு நேர்ச்சை செய்ங்கன்னாரு. உண்டியல்ல போடுறத நேரா ஆபரேஷனுக்கே அனுப்பிடறேன்னு நான்தான் அக்கவுண்ட் நம்பர் கேட்டேன்."

நேர்ச்சை என்றால் மாதாவிடம் ஒன்றை வேண்டிக்கொண்டு அதற்காகக் கொடுப்பது. கொடுத்தபின் கணக்குப் பார்ப்பதில்லை, திருப்பிக் கேட்பதில்லை. அரிசிக்குக் காசில்லாத மாதத்திலும் எங்கள் வீட்டில் நேர்ச்சைக்கு எடுத்துவைத்ததை யாரும் தொட்டதில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் அவள் போனை என்னிடம் கொடுத்தாள். ஆரம்பத்தில் அவர் 'சர்ச் சர்வீஸ் போனேன்' என்று எழுதியிருந்தார். 'கத்தோலிக்கர் நாம பூசைன்னுதானே சொல்லுவோம்' என்று இவள் திருத்தியிருந்தாள். பிறகு அவர் எழுதியதெல்லாம் பூசை. 'ஜெபம்' என்று எழுதியதற்கு 'செபம், ச போடணும்' என்று ஒரு சிரிப்புப் பொம்மை. மாதா திருவிழாவுக்குக் காவிப் புடவை கட்டி நடந்து வருவதைச் சொன்ன இடத்தில் நேர்ச்சை என்ற சொல்லையும் இவள்தான் முதலில் எழுதியிருந்தாள். அவருக்கு அது புரியவில்லை. பொறுமையாக விளக்கியிருந்தாள்.

"சீக்கிரம் கத்துக்கிட்டாருக்கா," என்றாள், வெளியே பார்த்துக்கொண்டு.

மறுநாள் காலையில் போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போனேன். பெண் போலீஸ் ஒருவர் நாற்காலி போட்டு உட்காரவைத்து, தன்மையாகத்தான் கேட்டார்.

"கடன்னு வாங்குனானாம்மா, ஏமாத்தி வாங்குனானா?"

"நேர்ச்சைங்க," என்றாள் தங்கை.

"அப்படின்னா?"

"ஏமாத்துனான்னே எழுதுங்கம்மா," என்றேன் நான்.

"வேணாம்க்கா. அந்தம்மா நெஜமாவே இருந்து, நெஜமாவே ஆபரேஷன் நடந்திருந்தா? மாதாவுக்குன்னு குடுத்தத எந்த வாயால திருப்பிக் கேப்பேன்?"

கையெழுத்துப் போடாமல் எழுந்துவிட்டாள். சீக்கிரம் புகார் கொடுத்தால் பணத்தை வங்கியில் நிறுத்திவைக்க வழி இருக்கும், நாளாக ஆகக் கஷ்டம் என்று அந்தப் பெண் போலீஸ் வாசல்வரை வந்து சொன்னார். எனக்குப் புரிந்தது. அவளுக்கும் புரிந்திருக்கும். அவன் ஏமாற்றினான் என்று எழுதிவிட்டால், அத்தனை மாதம் அவள் பேசிக்கொண்டிருந்தது யாரோடு? அந்தக் கேள்வியைத் தாங்க அவளுக்குத் தெம்பில்லை. கையைப் பிடித்து உட்காரவைக்க எனக்கும் இல்லை.

எங்கள் தெருப் பெண்கள் யாராவது போனும் கையுமாகச் சிரித்தால் நான் இப்போதும் போய் நிற்கிறேன். முன்பு, காசு கேட்டால் ஜாக்கிரதை என்பேன். இப்போது, கேட்காமலே உனக்கே கொடுக்கத் தோன்றினால் இன்னும் ஜாக்கிரதை என்கிறேன். பாதிப் பேர் சிரிக்கிறார்கள்.

ஞாயிறு பூசை முடிந்து தங்கை ஒரு மெழுகுவர்த்தி கூடுதலாக ஏற்றுகிறாள். யாருக்கு என்று நான் கேட்பதில்லை. அவள் கழுத்தில் கவரிங். மாதாமாதம் இரண்டு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் கட்டுகிறோம். அவளைக் கேட்டால், யாரும் யாருக்கும் எதுவும் தரவேண்டியதில்லை என்பாள். அடகுக்கடையில் மட்டும் பாக்கி, இருபத்தேழாயிரத்து ஐந்நூறு ரூபாய்.