களத்தை மூடிக்கிடுங்க மக்கா

என் வீட்டுக்காரருக்கு வேலை வானத்தில். பூமியில் சும்மா ஒரு கடை வைத்திருக்கிறார். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. கோபப்பட்டுப் பட்டு அலுத்துப்போய்ச் சொல்கிறேன். சங்கரன்கோவில் ராஜபாளையம் ரோட்டில் கருகிய மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் சௌந்தரபாண்டியன் கடை எது என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். ஆனால் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைவிட, வெறுங்கையோடு வந்து "அண்ணாச்சி, இன்னைக்கு உண்டா?" என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். உண்டா என்றால் மழை உண்டா என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு வேறு அர்த்தம் கிடையாது.

இந்தப் பைத்தியம் அவருக்கு மோட்டாரால்தான் பிடித்தது. கோடையில் இடி இடித்த மறுநாள் கடை வாசலில் கருகிய மோட்டார்கள் வந்து குவியும். கூடவே புளியங்குடி எலுமிச்சைத் தோட்டக்காரர்களும் வாசுதேவநல்லூர் வயல்காரர்களும் தொங்கிப்போன முகத்தோடு வந்து உட்காருவார்கள். இடி வருவதற்கு முன்பே மெயினை அணைத்துவிட்டால் மோட்டார் பிழைக்குமே என்று இவருக்குத் தோன்றியது. கிணறு வைத்திருக்கிறவர்களைச் சேர்த்து வாட்ஸப்பில் ஒரு குரூப் போட்டார். ராடார் படம் பார்க்கக் கற்றுக்கொண்டார். மின்னல் விழும் இடத்தைப் புள்ளி புள்ளியாகக் காட்டும் ஆப் ஒன்றைப் போனில் ஏற்றினார். பச்சை என்றால் தூறல், மஞ்சள் என்றால் மழை, சிவப்பு என்றால் ஊற்றித் தள்ளும், ஊதா தெரிந்தால் ஆலங்கட்டி என்று எனக்கே பாடம் நடத்தினார்.

"மோட்டார் கருகலைன்னா நம்ம அடுப்பு எப்படி எரியும்? தன் சோத்துல தானே மண்ணள்ளிப் போடுத ஆளை இப்பத்தான் பாக்கேன்" என்றேன்.

"ஏட்டி செல்வி, கருகுததுக்கு ஊருல மோட்டாரா இல்ல?" என்று சிரித்தார்.

அமெரிக்காவில் காரை எடுத்துக்கொண்டு சுழல்காற்றின் பின்னாலேயே ஓடுகிறவர்களின் வீடியோவை வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார். தட்டில் சோறு காய்ந்துபோகும். "அவன் காத்தை விரட்டுதான். நீங்க டீ கிளாஸைப் பிடிச்சுக்கிட்டு மொட்டை மாடியில நிக்கீங்க. இதுல என்ன பெருமை?" என்று கேட்பேன். மேற்கே மலைப்பக்கம் கறுக்கிறதா என்று கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பார். புளியங்குடியில் சுபைதா பேகம் என்று ஒரு டீச்சர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இதே கிறுக்கு. அங்கே காற்று திரும்பினால் முதல் செய்தி அவர்களிடமிருந்துதான் வரும். பிறகு இவர் ராடாரைப் பார்த்து, இன்னும் எவ்வளவு நேரத்தில் எந்த ஊருக்கு வரும் என்று குரல் பதிவு போடுவார். சொன்னது பெரும்பாலும் நடக்கும். நடக்காத நாளில் என்னோடுகூடப் பேசமாட்டார்.

குரூப்பின் பெயர் பரவி, கிழக்கே குருவிகுளம், இளையரசனேந்தல் பக்கத்து ஆட்களும் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் மானாவாரிக்காரர்கள், பெய்தால்தான் வெள்ளாமை. அவர்களுக்கு ஏது மோட்டார்? பங்குனி, சித்திரையில் அவர்களுடைய மிளகாய் பழுத்துக் களத்தில் காய்ந்துகொண்டிருக்கும். வருஷம் முழுக்க மழைக்குத் தவம் கிடக்கிறவர்கள் அந்த ஒரு மாதம் மட்டும் மழைக்குப் பயப்படுவார்கள். ஒரு தூறல் விழுந்தால் போதும், வத்தல் நிறம் செத்துவிடும். வியாபாரி திரும்பிப் பார்க்கமாட்டான். அவர்களுக்காகத்தான் இவர் மழைச் செய்தியோடு "களத்தை மூடிக்கிடுங்க மக்கா" என்று ஒரு வரி சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தார். அந்த வரி ஊர் ஊராகப் போனது. பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாதவர்கள்கூட இவர் குரலைக் கேட்டுவிட்டு, "களத்தை மூடிக்கிடுங்க அண்ணாச்சியா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

போன பங்குனியில் ஒரு நாள். வெயில் மண்டையைப் பிளந்தது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர், சுபைதா டீச்சரின் செய்தியைக் கேட்டதும் எச்சில் கையோடு மாடிக்கு ஓடினார். நான் கீழே நின்று கத்தியது காதில் விழவில்லை. மலைக்கு மேலே வானம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. ராடாரில் சிவப்பு, அதற்கு நடுவில் ஊதா. போனை வாயருகே வைத்துப் பேசினார்:

"மக்கா, புளியங்குடியில ஆலங்கட்டி விழுந்துக்கிட்டு இருக்கு. மேகக் கூட்டம் கிழக்க நகருது. கொஞ்ச நேரத்துல குருவிகுளம், இளையரசனேந்தல் பக்கம் வந்துரும். நல்ல மழை இருக்கு. வத்தல் காயப் போட்டவங்க களத்தை மூடிக்கிடுங்க மக்கா. இடி மின்னல் பலமா இருக்கு, வெட்டவெளியில யாரும் நிக்காதீங்க."

சொன்னது சொன்னபடி நடந்தது. குரூப்பில் கும்பிடுகளாக வந்து விழுந்தன. "அண்ணாச்சி நாக்குல கரிநாக்கு இல்ல, மழை நாக்கு" என்று ஒருவர் எழுதியிருந்தார். எங்கள் வீட்டிலும் மண் குளிர்ந்தது. நான் வாழைக்காய் பஜ்ஜி போட்டேன். அவர் மாடிப்படியில் உட்கார்ந்து தின்றுகொண்டே ஒவ்வொரு செய்தியாக எனக்கு வாசித்துக் காட்டினார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு போட்டோ வந்தது. ஆதார் அட்டையில் இருக்கும் மாதிரி மிரண்ட முகம், நடுவயசுப் பெண். "இளையரசனேந்தல் பக்கம் களத்தில் வத்தலை மூடிக்கொண்டிருந்த பேச்சித்தாய் மின்னல் தாக்கி மரணம். ஆழ்ந்த இரங்கல்." அதற்குக் கீழே வரிசையாக இரங்கல்கள். அவற்றுக்கும் கீழே ஒரு புண்ணியவான்: "நாளைக்கும் உண்டா அண்ணாச்சி?" எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் கையில் கிடைத்திருந்தால் நாலு அறை விட்டிருப்பேன்.

இவர் அந்தச் செய்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூடிக்கிட்டு இருந்தாளாம் செல்வி" என்றார். பிறகு, "நான் வாயைத் திறக்கலைன்னா அவ பாட்டுக்கு வீட்டுக்குள்ள கிடந்திருப்பா."

"மின்னலை நீங்களா விட்டீங்க? வெளிய நிக்காதீங்கன்னும் சொன்னீங்கள்லா?"

"மின்னலை நான் விடல. ஆளை நான்தானட்டி அனுப்பியிருக்கேன்."

தட்டில் மிச்சம் இருந்த பஜ்ஜியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மறுநாள் பேச்சித்தாய் வீட்டுத் துஷ்டிக்குப் போகிறேன் என்று பஸ் ஏறினார். போன வேகத்தில் திரும்பி வந்தார். குருவிகுளத்தில் இறங்கி ஒரு டீக்கடையில் நின்றாராம். "சங்கரன்கோவில்காரன் பேச்சைக் கேட்டுப் போயி ஒருத்தி கருகிட்டா" என்று அங்கே பேசிக்கொண்டிருந்தார்களாம். அதற்கு மேல் கால் நகரவில்லை என்றார். அன்றோடு ராடார் போயிற்று, ஆப் போயிற்று, மொட்டை மாடி போயிற்று. குரூப்பில் கெஞ்சினார்கள், பிறகு ஏசினார்கள். இவர் மேற்கே முதுகைக் காட்டி உட்கார்ந்து காயில் சுற்றினார். இடி இடித்தால் கை நிற்கும், பிறகு சுற்றும். அழவும் இல்லை. மறுபடியும் கருகிய மோட்டார்கள் கடை வாசலில் குவிந்தன. நான் ஆசைப்பட்ட வியாபாரம்தான், அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. பேசாத மனிதரோடு குடித்தனம் நடத்துவது பெரும்பாடு. ஒரு நாள் நானே போய், "மேற்க கறுத்திருக்கு, கொஞ்சம் பாருங்களேன்" என்று கெஞ்சினேன். "பாத்து யாரைக் கொல்லச் சொல்லுதே?" என்று கேட்டார்.

சித்திரையில் ஒரு மத்தியானம், கடைக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். தாடியும் அழுக்கு வேட்டியுமாக ஒருவர் வாசலில் வந்து நின்றார். கையில் மோட்டார் இல்லை.

"சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி கடைதான? நான் மூக்காண்டி. பேச்சித்தாய் வீட்டுக்காரன்."

அது அவருடைய உண்மைப் பெயர் இல்லை. நானாக மாற்றியிருக்கிறேன், அந்த அம்மாள் பெயரையும்தான். ஏன் என்பது உங்களுக்கே விளங்கும்.

அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துக் குறுக்கே போய் நின்றேன். "எதுன்னாலும் எங்கிட்டச் சொல்லுங்க" என்றேன். இவர் என்னை விலக்கிவிட்டு எழுந்தார். கும்பிட்டார்.

"மன்னிச்சிருங்க. எம் பேச்சைக் கேட்டுத்தான் அவுக..."

"அவ உங்க பேச்சைக் கேக்கவே இல்ல அண்ணாச்சி" என்றார் அவர். "அவகிட்ட கிடந்தது பட்டன் போனு. குரூப்புல இருக்கது நான்."

ஸ்டூலைப் போட்டேன். உட்கார்ந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அன்னைக்கு வாசுதேவநல்லூர்ல ஒரு கல்யாண வீட்டுல இருந்தேன். பந்தியில உக்காந்திருக்கையில உங்க சத்தம் வந்துச்சு. களத்தை மூடிக்கிடுங்கன்னு கேட்டதும் மிச்சத்தைக் கேக்கல. அவளுக்குப் போனைப் போட்டேன். தலை வலிக்குது, படுத்திருக்கேன்னா. நான் ஏசினேன். வருசம் பூரா பட்ட பாடு தண்ணியில போகப்போகுது, உனக்குப் படுக்கை கேக்குதோ, எந்திரிட்டின்னேன். எந்திரிச்சுப் போயிட்டா."

இவர் அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"கருமாதி முடிஞ்ச பொறவுதான் உங்க சத்தத்தை முழுசாப் போட்டுக் கேட்டேன். வெட்டவெளியில நிக்காதீங்கன்னு கடைசியில சொல்லியிருக்கீங்க. நீங்க ஊருக்கெல்லாம் சொன்னீங்க அண்ணாச்சி. நான் அவகிட்ட மட்டும்தான் சொன்னேன். ஊருல உங்களைத்தான் ஏசுதாவ. எம் மகளும் உங்களைத்தான் ஏசுதா. நான் வாயைத் திறக்கல. உங்க மேலேயே கிடக்கட்டும்னு இருந்துட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன். இன்னைக்குப் போயி மகளுகிட்டச் சொல்லிருதேன்."

எனக்கு வந்ததே ஆத்திரம்! என் புருஷன் இத்தனை நாளாக ஊமையாகக் கிடக்கிறார், இவர் சாவகாசமாக வந்து கதை சொல்கிறாரா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் கையைப் பார்த்தேன். அழுக்கு வேட்டியின் நுனியை முறுக்கி முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தது. வந்த வார்த்தையை விழுங்கிவிட்டேன்.

இவர் கீழே குனிந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லாதீங்க" என்றார். "ஆத்தாளைப் பறிகொடுத்த பிள்ளை. அப்பனாவது முழுசா இருக்கட்டும். ஏச்சு எம் மேலேயே இருக்கட்டும், நான் எங்க போயிரப் போறேன்?"

இப்படி ஒரு முட்டாள் மனிதரையா கட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். அழுகை வந்துவிட்டது. சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கிற சாக்கில் அந்தப்பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு வாய் சாப்பிடுங்கள் என்று நான் சொன்னதற்கும் மூக்காண்டி மாட்டேன் என்றுவிட்டார். படியிறங்கும்போது திரும்பி நின்றார்.

"திரும்பச் சொல்லுவீங்கன்னா, ஆளை முதல்ல உள்ள போகச் சொல்லுங்க அண்ணாச்சி. மழையப் பொறவு சொல்லுங்க. மழைன்னு காதுல விழுந்துட்டா எங்களுக்கு வேற எதுவும் கேக்காது."

அடுத்த வாரம் மேற்கே கறுத்தது. இவர் காயிலைக் கீழே வைத்தார். என்னைக் கேட்டு அந்த ஆப்பைத் திரும்ப ஏற்றினார். மாடிக்குப் போகவில்லை, கடை வாசலிலேயே நின்று பேசினார். குரல் அவர் குரல் மாதிரியே இல்லை.

"மக்கா, எல்லாரும் வீட்டுக்குள்ள போங்க. களத்துல இருக்கவங்க அப்படியே போட்டுட்டு உள்ள போங்க. வீட்டுல இருக்கவங்க வெளிய வராதீங்க. யாரையும் அனுப்பாதீங்க. வத்தல் நனையட்டும். போனா போகட்டும்."

அவ்வளவுதான். எப்போது வரும் என்றுகூடச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் குருவிகுளம் பக்கத்துச் சண்முகையா வந்தார். நல்ல உழைப்பாளி, நல்ல கோபக்காரரும்கூட. நனைந்து நிறம் வெளுத்த வத்தலை ஒரு பையில் கொண்டுவந்து கடை முன்னால் கொட்டினார்.

"பாரும்வே! கடைசிப் பறிப்பு பூரா போச்சு. எம் பொஞ்சாதி தார்ப்பாயைத் தூக்கிக்கிட்டு ஓடுனா. போகாதட்டின்னு நான்தான் பிடிச்சு இழுத்துக் கதவைச் சாத்தினேன். எல்லாம் உம்ம பேச்சைக் கேட்டு! ஓடுனவங்க களமெல்லாம் தப்பிச்சிட்டு. நனையட்டும்னு சொல்லுததுக்கா உமக்கு ராடாரு? நீரெல்லாம் என்னத்துக்குவே குரூப் நடத்துதீரு?"

ரோட்டில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். இவர் எழுந்து வந்து அவர் முன்னால் நின்றார்.

"வீட்டுல எல்லாரும் இருக்காவளா வே?"

"இருக்காவ. அதுக்கென்ன இப்போ?"

"உம்ம பொஞ்சாதி?"

"அவளுக்கென்ன, காலையிலேருந்து என்னைத் திட்டிக்கிட்டுத்தான் கிடக்கா" என்றார் சண்முகையா.

பேச்சித்தாய் செத்த அன்றைக்குக்கூட அழாத மனிதர், அந்தக் கொட்டிக் கிடந்த வத்தலின் மேல் உட்கார்ந்து, சின்னப்பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதார்.