ஆணி அடிக்காத ஸ்டூடியோ

சுவரைத் தொடாமல் சுவரின் வாயை மூடுவதுதான் என் தொழில். வாடகை வீட்டில் ஒரு காலண்டர் மாட்டிவிட்டு வீட்டுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களே, நீங்களெல்லாம் என் கட்சி. திருத்தணியில் வீட்டிலேயே குரல் பதிவு செய்கிறவர்களுக்கு அறையின் எதிரொலியை அடக்கித் தருகிறேன். ஆணி கிடையாது, துளை கிடையாது. இதில் எனக்குக் கர்வம் உண்டு, மறைக்கப் போவதில்லை.

ஒரே நிபந்தனை

ரேவதி தமிழிலும் தெலுங்கிலும் ஒலிப்புத்தகம் வாசிப்பவர். சுவரில் ஸ்பாஞ்ச் ஒட்டியதற்காக அரக்கோணத்தில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இங்கே ஒரு மாடி அறை கிடைத்திருந்தது. கையில் ஒரு முழுப் புத்தக வேலை. இந்த வீடும் போனால் அதுவும் போகும்.

கீழே குடியிருக்கும் வீட்டுக்காரர் மலைக்கோயில் மடைப்பள்ளிக் குடும்பம். நான் அறையை அளந்துகொண்டிருந்தபோது பின்னாலேயே வந்து நின்றார்.

"நீ என்னா வேணா பண்ணிக்கோ நைனா. சுவத்துல ஒரு பொட்டு சேதமானாலும் அந்தப் பொண்ணு மறுமாசமே பொட்டியைக் கட்டிக்கணும்."

ஏழாவது லுங்கி

என் வழி எளிது. ஆளுயர மரச்சட்டம், அதற்குள் சத்தத்தை விழுங்கும் ராக்வூல் பஞ்சுப் பலகை, மேலே துணி, கீழே கால். சுவரிலிருந்து நாலு விரல் தள்ளித் தானாக நிற்கும். துணி வழியாக மூச்சு புக வேண்டும். இல்லாவிட்டால் சத்தமும் புகாது. பொதட்டூர்பேட்டையில் ஒரு தறி வீட்டில் உட்கார்ந்து லுங்கித் துணிகளை வாயில் வைத்து ஊதிக்கொண்டே வந்தேன். ஏழாவது தேறியது. தறிக்காரர் நெசவை நிறுத்திவிட்டார்.

"இழுத்துப் பாப்பாங்க, கசக்கிப் பாப்பாங்க. ஊதிப் பாத்து லுங்கி வாங்கற ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன்!"

டீ குடித்து வருவதற்குள்

அந்த லுங்கியைப் போர்த்தி எட்டுச் சட்டம் செய்து அறையைச் சுற்றி நிறுத்தினேன். ரேவதி ஒரு பக்கம் வாசித்துப் பதிவைக் கேட்டார். பாத்ரூமில் பேசியது போலிருந்த குரல் காதோரம் பேசுவது போல வந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் புத்தி கெட்டது. கதவோர மூலையில் பெரிய சட்டம் நிற்காது. சின்ன ஸ்பாஞ்ச்தானே என்று டபுள் டேப் போட்டு ஒட்டிவிட்டு டீக்கடைக்குப் போனேன். ஆடிக் கிருத்திகைக்கு ஆடிக் கிருத்திகை வெள்ளையடிக்கிற வீடு. சுண்ணாம்பு ஏடு ஏடாக நிற்கும் என்று ஊர்க்காரனான எனக்குத் தெரியாதா? திரும்பி வந்தால் ஸ்பாஞ்ச் தரையில் கிடந்தது, உள்ளங்கையளவு சுண்ணாம்பை உரித்துக்கொண்டு. ரேவதியின் முகத்தில் ஈயாடவில்லை.

"பெட்டியைத் திரும்பவும் கட்டவா அண்ணா, இல்ல எதையாச்சும் வச்சு மறைச்சிடலாமா?"

மூலையில் நடந்த விசாரணை

மறைக்க மனம் வரவில்லை. என் பெயரே சுவரில்தான் இருக்கிறது. உதிர்ந்த ஏட்டைக் கையில் ஏந்திக்கொண்டு கீழே போய், "தப்பு என்னுது, அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றேன். வீட்டுக்காரர் மேலே வந்து, எட்டுச் சட்டத்துக்கும் பின்னால் கைவிட்டுத் தடவினார். சுவரில் ஒரு கீறல் இல்லை. கடைசியாக அந்த மூலையை விரலால் சுரண்டினார். சுண்ணாம்பு மாவாகக் கொட்டியது. அவர் திருதிருவென்று விழித்தார். படிக்கட்டை எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"இந்த வாட்டி சுண்ணாம்புல கோந்து போட மறந்துட்டேன் நைனா, அதான் புடிக்காம உதிருது. வீட்டம்மாவுக்குத் தெரிஞ்சா என்னைத்தான் காலி பண்ணச் சொல்லுவா. சின்னதா ஒரு சட்டம் செஞ்சி இங்க நிக்க வை. பொண்ணு பாட்டுக்குப் படிச்சிகினு இருக்கட்டும்."

ஆக, ஒரு குரலை ஒரு வீட்டில் நிலையாகக் குடிவைத்த வகையில் உதிர்ந்தது கொஞ்சம் சுண்ணாம்பும், அதே அளவு என் தலைக்கனமும்தான்.