மோதிர விரலின் ஒரு பக்கம்

சின்னக்கா எதை எடுத்தாலும் அதைப் பார்த்துக்கொண்டேதான் எடுப்பாள். சாவியோ சீப்போ மாத்திரை டப்பாவோ, பொருள் கைக்குள் வந்து சேரும்வரை அதிலிருந்து கண்ணை எடுக்கமாட்டாள். அவள் வேலை பார்த்த முதியோர் இல்லத்தின் மேட்ரன் புதிதாக வரும் ஆயாக்களிடம், "சின்னக்காவைப் பாத்துக் கத்துக்கோங்க. ஒன்பது வருஷத்துல ஒரு கிளாஸ் உடைச்சதில்ல" என்பார். அப்போதெல்லாம் சின்னக்கா வலது கையைச் சீருடைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு தரையைப் பார்ப்பாள். அதற்கும் அடக்கம் என்று ஒரு நல்ல பெயர் கிடைத்தது.

உண்மையில் அந்தக் கையின் கட்டை விரல், ஆட்காட்டி விரல், நடு விரல் மூன்றும் மரத்துப்போய் இருபத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. மடங்கும், நீளும், பிடிக்கும். எதைப் பிடித்திருக்கிறோம் என்று மட்டும் அவற்றுக்குத் தெரியாது. மோதிர விரல் பங்கு பிரித்த வீடு மாதிரி. நடு விரலை ஒட்டிய பாதிக்கு ஒன்றும் தெரியாது. சுண்டு விரலை ஒட்டிய பாதிக்கு எல்லாம் தெரியும். சுண்டு விரல் ஒன்றுதான் முழுசாக அவளுடையது.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, பதினைந்து வயதில் பாட்டில் கழுவும் கொட்டகைக்கு வேலைக்குப் போனாள். ஒருநாள் பக்கத்தில் இருந்தவள் ஏதோ சொல்ல, இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, கையிலிருந்த பாட்டில் உடைந்து மணிக்கட்டுக்குள் இறங்கியது. மருந்துக்கடைக்காரர் ஐந்து தையல் போட்டு அனுப்பினார். "இளிச்சுக்கிட்டே வேலை பாத்தா இப்படித்தான் ஆகும்" என்றார் மேஸ்திரி. தோல் பத்தே நாளில் ஒட்டிக்கொண்டது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் கட்டை விரலுக்குக் கீழே இருக்கும் சதைமேடு காற்றுப் போன பந்து மாதிரி வற்றியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில், உள்ளே நரம்பு அறுந்திருக்கிறது, அப்போதே வந்திருந்தால் சேர்த்துத் தைத்திருக்கலாம் என்றார்கள்.

நரம்பு அறுந்தது அவளுக்கு ஒரு காயமாகத் தோன்றவில்லை. சிரித்ததற்குக் கிடைத்த தண்டனையாகத்தான் தோன்றியது. அதை யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணமான நாலாம் நாள், சூடான பாத்திரத்தை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு நின்றவளைத் தீய்ந்த வாடை வந்துதான் கணவர் பிடித்து இழுத்தார். அவருக்கு மட்டும் தெரியும். இல்லத்தில் வேலைக்குச் சேரும்போது மேட்ரன் தழும்பைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டார்.

"பாட்டில் கிழிச்சதுங்க மேடம். ஆறிடுச்சு."

அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. சொல்லாமல் விட்டதில்தான் எல்லாம் இருந்தது.

முதியவர்களைக் குளிப்பாட்டுவதும் கால் கழுவிவிடுவதும் அவள் வேலை. யார் தண்ணீர் பிடித்து வைத்தாலும், கழுவிவிடுகிறவள்தான் சூடு பார்க்க வேண்டும் என்பது அங்கே சட்டம். இடது கை எப்போதும் ஆளைத் தாங்கிக்கொண்டிருக்கும். அதனால் வலது கைச் சுண்டு விரலை மட்டும் நீட்டித் தண்ணீரைத் தொட்டுப் பார்ப்பாள். அவளோடு வேலை பார்த்த இளம்பெண் ஒருத்திக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு தாங்காது. அவளை எல்லாரும் வாயாடி என்றே கூப்பிட்டார்கள், மேட்ரன் உட்பட.

"பாருங்கப்பா, மகாராணி தண்ணி பாக்குறாங்க! ஏன்க்கா, மத்த விரலெல்லாம் லீவா?"

"போடி."

"அந்தச் சுண்டு விரலுக்கு ஒரு மோதிரம் போட்டுவிடணும்க்கா. எவ்வளவு உழைக்குது!"

ஒன்பது வருஷத்தில் சின்னக்காவை வேலைக்கு நடுவில் சிரிக்க வைத்தவள் அந்த வாயாடி ஒருத்திதான்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் ஒரு கட்டிலின் பக்கக் கம்பியை இறக்கும்போது சின்னக்காவின் சுண்டு விரல் நசுங்கியது. பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். முந்தின நாள்தான் கீஸரைப் பழுது பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். தண்ணீர் வழக்கத்தைவிட அதிகமாகக் கொதிக்கிறது என்று யாரும் கவனிக்கவில்லை. வாயாடி எப்போதும் போலப் பாதிக்குப் பாதி கலந்து பேசினை வைத்துவிட்டுப் போனாள். பக்கத்தில் ஒருவர் குளித்துக்கொண்டிருந்ததால் அறை முழுக்க ஆவி; பேசினிலிருந்து வந்த ஆவி தனியாகத் தெரியவில்லை.

கால் கழுவ வேண்டியவர் டெலிபோன் அம்மா. முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். காது பாம்புக் காது. காலடி ஓசையை வைத்தே யார் வருகிறார்கள் என்று சொல்லிவிடுவார். மாடியில் தெருவைப் பார்த்த ஜன்னல் அறை அவருடையது. அன்று நாற்காலியிலிருந்து சரிந்துகொண்டே வந்தவரை இடது கையால் அணைத்துப் பிடித்தபடி, சின்னக்கா வலது கையைத் தண்ணீருக்குள் விட்டாள். பிளாஸ்திரி நனையக் கூடாதென்று சுண்டு விரல் தானாக மடங்கிக்கொண்டது, அதோடு மோதிர விரலும். மற்ற விரல்களின் நுனி மட்டும் ஒருமுறை உள்ளே போய் வந்தது. எந்தச் சேதியும் வரவில்லை. சேதி வராவிட்டால் சூடு இல்லை என்றுதானே மனம் எடுத்துக்கொள்கிறது.

பாதங்களை உள்ளே வைத்துவிட்டு, "சூடு சரியா இருக்காம்மா?" என்று கேட்டாள்.

"இதமா இருக்கு" என்றார் டெலிபோன் அம்மா.

அடுத்த அறையில் மணி அடித்தது. சின்னக்கா போனாள். அவள் திரும்புவதற்குள் வாயாடி அந்தப் பக்கமாக வந்து, தண்ணீர் ஆறியிருக்குமே என்று ஒரு ஜக் சுடுதண்ணீர் சேர்த்துவிட்டுப் போயிருந்தாள்.

மறுநாள் காலையில் டெலிபோன் அம்மாவின் இரண்டு பாதங்களிலும் பெரிய பெரிய கொப்புளங்கள். மேட்ரன் இருவரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"சூடு பாத்தியா?"

"பாத்தேன் மேடம். சூடா தெரியல."

ஒன்பது வருஷம் கிளாஸ் உடைக்காதவள் சொல்கிறாள். மேட்ரன் வாயாடியின் பக்கம் திரும்பினார்.

"நான் ஒரு ஜக் ஊத்தினேன் மேடம்" என்றாள் வாயாடி. அவள் குரல் அப்படித் தணிந்து யாரும் கேட்டதில்லை.

"யாரைக் கேட்டு ஊத்தின? சர்க்கரை இருக்குற உடம்பு அது. கால் போயிட்டா யார் பதில் சொல்றது? வியாழக்கிழமை டாக்டர் வரட்டும். அவர் பாத்துட்டுச் சொல்றதை வெச்சு, நீ இங்க இருக்கணுமா வேண்டாமான்னு முடிவு பண்றேன்."

சின்னக்கா கை துடைக்கப் போன இடத்தில்தான் அதைப் பார்த்தாள். நடு விரல் நுனியில், பட்டாணி அளவுக்கு ஒரு கொப்புளம். ஆட்காட்டி விரலில் இன்னொன்று, அதைவிடச் சின்னது. நேற்று அவள் அடுப்புப் பக்கமே போகவில்லை. அந்த விரல்கள் சூட்டுக்குள் போய் வந்தது ஒரே ஒரு முறை. அதுவும் வாயாடி ஜக்கைத் தூக்குவதற்கு முன்னால்.

இப்போதே போய்ச் சொல்லிவிடலாம் என்று இரண்டு எட்டு வைத்தாள். மேட்ரன் அறைக்குள் ஆட்கள் இருந்தார்கள். பிறகு சொல்லலாம் என்று திரும்பினாள். முதலுதவிப் பெட்டியிலிருந்து பிளாஸ்திரி எடுத்து இரண்டு விரல்களிலும் சுற்றினாள்.

புதன்கிழமை வாயாடி அவளுக்கும் சேர்த்து டீ எடுத்துக்கொண்டு வந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"நேத்துலருந்து யோசிக்கிறேன்க்கா. அந்த ஜக்கு அவ்வளவு சூடாவா இருந்துச்சு? இல்லன்னு தோணுது. அப்புறம் இருந்துச்சோன்னும் தோணுது. என் கையாலதான் அந்தம்மா காலு வெந்துச்சுன்னா நான் எப்படிக்கா தூங்குவேன்?"

சின்னக்கா டீயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதென்ன, புதுசா ரெண்டு விரல்ல பிளாஸ்திரி?"

"வீட்டுல... அடுப்புல பட்டுடுச்சு."

"ஐயோ, காட்டுங்க." வாயாடி அந்தக் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, நழுவியிருந்த பிளாஸ்திரியைப் பிரித்தாள். குழந்தைக்குச் செய்வது போலக் கொப்புளத்தின் மேல் வாயால் ஊதினாள். "எரியுதாக்கா?"

"ம்" என்றாள் சின்னக்கா. எரியவில்லை. அவள் ஊதிய காற்றுகூட அந்த விரலுக்குத் தெரியவில்லை. முகம்தான் எரிந்தது.

அன்று சாயங்காலம் டெலிபோன் அம்மா கட்டுப் போட்ட கால்களோடு படுத்தபடி, "கதவைச் சாத்திட்டு வா" என்றார்.

"உன் கையில உணர்ச்சி இல்ல, இல்லியா?"

சின்னக்கா கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"எனக்குக் காதுதான் கண்ணு. நீ என் சட்டைக்குப் பட்டன் போடும்போது ஒரு பட்டனுக்கு மூணு தடவை நகம் வழுக்குற சத்தம் கேக்கும். ரொம்ப நாளா தெரியும். விடு. என் காலும் அப்படித்தான், ரெண்டு வருஷமா. கீழ என்ன இருக்குன்னே தெரியாது. பஞ்சு மேல நடக்குற மாதிரி."

"அப்புறம் ஏம்மா இதமா இருக்குன்னு சொன்னீங்க?"

"பின்ன? தெரியலன்னா சொல்வேன்? சொன்னா அடுத்த நிமிஷம், நடமாட முடியாதவங்களப் போடுற கீழ் வார்டுக்கு இறக்கிடுவாங்க. அங்க ஜன்னலத் தொறந்தா சுவரு." குரலைத் தாழ்த்திக் கெஞ்சினார். "நீ சொன்னா என் கதையும் வெளிய வந்துடும். அந்தப் பொண்ணு சின்ன வயசு, வேற எங்கயாவது வேலை கிடைச்சுடும். நீயும் நானும் எங்க போவோம், சொல்லு?"

அதில் தப்பான வார்த்தை ஒன்றுகூட இல்லை என்றுதான் சின்னக்காவுக்கு முதலில் தோன்றியது. வீடு போகிற வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு நடந்தாள். சின்ன வயசு, வேற எங்கயாவது கிடைச்சுடும். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, அதைத் தன் குரலிலேயே சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்தது.

வியாழக்கிழமை டாக்டர் வந்தார். மேட்ரன், வாயாடி, சின்னக்கா மூவரும் அறையில் நின்றார்கள். காயத்தைப் பார்த்து முடித்ததும் டாக்டர் பஞ்சைத் திரித்துக் கையில் எடுத்தார்.

"கண்ணை மூடிக்கோங்கம்மா. கால் விரலைத் தொடுவேன். தொடும்போதெல்லாம் 'ம்' சொல்லணும்."

டெலிபோன் அம்மா ஒவ்வொரு தடவையும் சரியாக "ம்" என்றார். ஏழு தடவை, ஏழும் சரி. மேட்ரன் தலையை ஆட்டினார். எட்டாவது தடவையும் கணீரென்று "ம்" வந்தது.

"இப்ப நான் தொடவே இல்லையேம்மா" என்றார் டாக்டர். "நான் குனியும்போது இந்த நாற்காலி முனகுது. அதுக்கு 'ம்' போடுறீங்க."

வாயாடிக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. டெலிபோன் அம்மா கண்ணைத் திறக்கவில்லை. மூடின இமைக்குக் கீழே ஈரம் வந்தது.

"சர்க்கரையால கால் நரம்பு கெட்டிருக்கு. சூடு தெரிஞ்சிருக்காது" என்றார் டாக்டர்.

"சின்னக்கா சூடு பாத்துத்தானே வெச்சா? அப்ப அந்த ஜக் தண்ணிதான்" என்று மேட்ரன் வாயாடியைப் பார்த்தார்.

வாயாடியின் சிரிப்பு அப்படியே நின்றது. "ஆமா மேடம்" என்றாள். "என் தப்புதான் மேடம்."

செய்யாத தப்பை அவள் வாயாலேயே ஒப்புக்கொண்டாள். அதற்கு மேல் சின்னக்காவால் நிற்க முடியவில்லை. அவளுக்குக் கூட்டத்தில் பேச வராது. காலியாக இருந்த ஸ்டூலை டாக்டருக்கு எதிரில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். விரல்களில் இருந்த பிளாஸ்திரியைப் பிரித்தாள். வலது கையை மல்லாத்தி நீட்டினாள்.

"எனக்கும் பாருங்க சார்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்தக் கை எல்லார் முன்னாலும் அப்படி விரிந்து கிடந்ததே இல்லை. கோட்டைக் கழற்றிவிட்டு நிற்பது போல இருந்தது அவளுக்கு. கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் கேட்டார்.

"கையில என்ன வெச்சிருக்கேன்?"

"வெச்சிட்டீங்களா சார்?"

கண்ணைத் திறந்தாள். விரல்களுக்கு நடுவில் ஒரு சாவி இருந்தது. மறுபடியும் மூடச் சொன்னார். மோதிர விரலில் ஏதோ ஒரு கூர்மை சுருக்கென்று தைத்தது. "ம்" என்றாள். பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. டாக்டர் பால்பாயின்ட் பேனாவால் அந்த விரலின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டிருந்தார்.

"இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் தெரியுது, அந்தப் பக்கம் தெரியல" என்று மேட்ரனிடம் காட்டினார். "மணிக்கட்டுல நடு நரம்பு போயிருக்கு. பழைய காயம்."

"அவ மேல தப்பில்ல மேடம்" என்றாள் சின்னக்கா, தரையைப் பார்த்து. "அவ ஊத்துறதுக்கு முன்னாடியே தண்ணி கொதிச்சிருக்கு. என் விரலும் வெந்திருக்கு. எனக்குத் தெரியல."

மேட்ரன் அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆள் மேல் கை வைக்கும் வேலை இனி வேண்டாம் என்று துணி அறைக்கு மாற்றினார். தண்ணீர்ச் சூடு பார்க்கப் பேசினுக்கு ஒரு தெர்மாமீட்டர் வந்தது. டெலிபோன் அம்மாவைக் கீழ் வார்டுக்கு இறக்கினார்கள். சின்னக்கா படுக்கை விரிப்பு எடுத்துக்கொண்டு போனால், காலடியை வைத்தே கண்டுகொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

துணி அறைக்கு வாயாடி வருவதற்கு நாலு நாள் ஆயிற்று. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"ஒண்ணு கேக்கலாமா?"

சின்னக்கா மடித்துக்கொண்டிருந்த விரிப்பைக் கீழே வைத்தாள்.

"கை மரத்துப் போனதை மறைச்சீங்க. அது எனக்குப் புரியுது. நான் உங்க விரல்ல ஊதிவிட்டேனே, அப்ப என் மேல தப்பில்லன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லிவிட ஒரு நொடி போதும். வாயாடி நம்பியும் இருப்பாள்.

"தெரியும். செவ்வாய்க்கிழமை காலையிலேயே தெரியும்."

வாயாடி தலையை ஆட்டினாள். அலமாரியைப் பார்த்தாள். சுண்டு விரலைப் பற்றி ஏதாவது சொல்வாள், மகாராணி என்பாள் என்று சின்னக்கா, வெட்கமில்லாமல், காத்துக்கொண்டு நின்றாள்.

"நாலு டவல் வேணுங்க" என்றாள் வாயாடி.

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. கையைப் பார்த்துப் பார்த்துச் சின்னக்கா எடுத்துக் கொடுத்தாள். வாயாடி வாங்கிக்கொண்டு போனாள். அவள் காலடி ஓசை படியேறி மறைந்த பிறகுதான், அக்கா என்ற சொல் இல்லாமல் அவள் பேசிவிட்டுப் போனது சின்னக்காவுக்கு முழுசாக உறைத்தது.